துப்பாக்கி முடித்துவைக்கும் வழக்குகள்

காவல்துறை தேடிவரும் ஒருவரோ, ஏற்கெனவே அதன் காவலில் இருக்கும் ஒருவரோ போலீசாரைத் தாக்க முயன்றார், தற்காப்புக்காகச் சுட்டதில் இறந்தார் என்று அறிவிக்கப்படுவதே என்கவுன்ட்டர். கொடூரமான கொலையோ பாலியல் வன்கொடுமையோ நடந்த மறுநாளே “சுட்டுத் தள்ளுங்கள்” என்ற குரல் தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடையிலும் சட்டமன்றத்திலும் ஒருசேரக் கேட்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால் இருபது வருடம் இழுக்கும், சாட்சிகள் பிறழ்வார்கள், செய்தவன் ஜாமீனில் வந்து நெஞ்சை நிமிர்த்தி நடப்பான் என்கிறார்கள். துப்பாக்கி ஒரே இரவில் நியாயம் வழங்குகிறது, மற்ற ரவுடிகளுக்கும் பயம் வருகிறது, இதைக் கேள்வி கேட்பவர்கள் போலீசாரின் கையைக் கட்டிப்போடுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு கோபத்தில் பிறந்தது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதன்மேல் எழுப்பப்பட்ட வாதம், நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓரிடத்திலும் நிற்பதில்லை.

இந்த வாதத்துக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது ஹைதராபாத். 2019 நவம்பர் 27 இரவு, ஷம்ஷாபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார், உடல் எரிக்கப்பட்டது. நான்கு பேர் கைதானார்கள். டிசம்பர் 6 விடியற்காலையில், தடயப் பொருட்களை மீட்பதற்கென்று சட்டன்பல்லிக்குக் கொண்டுசெல்லப்பட்ட நால்வரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிகளைப் பறித்துத் தங்களைச் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. கூடியிருந்த மக்கள் போலீசார் மீது பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் அமைத்த ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. துப்பாக்கி பறிக்கப்பட்ட கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் எண்ணத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், 10 போலீசாரையும் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றது ஆணையம். இறந்த நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் அது கண்டறிந்தது.

அந்தப் பூமழையில் மறைந்துபோன செய்தி ஒன்று உண்டு. மகளைக் காணவில்லை என்று குடும்பத்தினர் அன்றிரவே போலீசாரிடம் போனபோது, எந்த ஸ்டேஷனின் எல்லை என்ற கேள்வியில் நேரம் கடத்தப்பட்டது. வழக்குப் பதியத் தாமதித்ததற்காக மூன்று போலீசார் சில நாட்களில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். உரிய நேரத்தில் தேடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று காவல்துறையிடம் நாடே கேட்டிருக்க வேண்டிய வாரம் அது. டிசம்பர் 6-க்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை. தன் தவறுக்குப் பதில் சொல்ல வேண்டிய துறை, நான்கு பேரைக் கொன்றதன் மூலம் மக்களின் நாயகனாகிவிட்டது. என்கவுன்ட்டரை விரைவான நீதி என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நீதிமன்றத்தின் வேலையைத் துப்பாக்கி விரைவாகச் செய்து முடிப்பதில்லை. யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், யார் தடுக்கத் தவறினார்கள் என்று வெளிவரக்கூடிய ஒரே இடத்தை அது மூடிவிடுகிறது.

போலீசாருக்கும் உயிர் உண்டு, தற்காப்பு உரிமை உண்டு. இதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் அந்த உரிமை எவ்வளவு என்பதைச் சட்டம் வகுத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலும் உள்ள பிரிவுகள் எல்லாக் குடிமக்களுக்கும் பொது. காக்கிச் சட்டைக்கென்று அவற்றில் தனிச் சலுகை கிடையாது. ஆபத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பதிலடி, ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். கைது செய்யும்போது எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பிரிவே, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கும் உரிமையைத் தான் தரவில்லை என்றும் சொல்கிறது. தற்காப்புக்காகச் செய்தேன் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி.

நிரூபிக்க வேண்டிய அந்த இடம்தான் என்கவுன்ட்டர் வழக்குகளில் பெரும்பாலும் வருவதே இல்லை. இதன் செய்முறையை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொறுப்பு முழுவதும் நழுவிப்போவது இங்கேதான். துப்பாக்கிச்சூடு முடிந்ததும் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் குற்றவாளி என்ற இடத்தில் இருப்பது இறந்தவரின் பெயர். போலீசாரைக் கொல்ல முயன்றார் என்பது குற்றச்சாட்டு. புகார் கொடுப்பவர் பெரும்பாலும் சுட்ட குழுவைச் சேர்ந்த அதிகாரி. குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் வழக்கு அற்றுப்போகிறது. ஒரு மனிதர் கொல்லப்பட்டிருக்கிறார், கொன்றவர் யார் என்பதும் தெரியும், அவர் செய்தது கொலையா தற்காப்பா என்று தீர்மானிக்க மட்டும் ஒரு நீதிபதியும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க முயன்றது ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு. இப்படி நிகழும் ஒவ்வொரு மரணத்திலும் சுட்டவர்கள் மீது வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பு என்ற வாதத்தை அவர்கள் விசாரணையில் நிறுவிக்கொள்ளட்டும் என்று 2009 பிப்ரவரியில் அது தீர்ப்பளித்தது. அடுத்த சில வாரங்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றமே 16 நெறிமுறைகளை வகுத்தது. 1995 முதல் 1997 வரை மும்பையில் 99 என்கவுன்ட்டர்களில் 135 பேர் இறந்ததைப் பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு அது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சிஐடியோ வேறு ஸ்டேஷனைச் சேர்ந்த குழுவோ புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சுட்ட ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், உடற்கூறாய்வைப் படம்பிடிக்க வேண்டும், வீரம் ஐயமின்றி உறுதியாகும்வரை பதக்கமும் முறை தாண்டிய பதவி உயர்வும் கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் அறிக்கையில் யாரைக் குற்றவாளியாகக் காட்டுவது என்பதை அவை தெளிவாகச் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் பழைய வழக்கம் அப்படியே பிழைத்துக்கொண்டது.

நீதிமன்றத் தாமதம் என்ற வாதமே மக்களிடம் ஆழமாக வேரூன்றியது. தாமதம் உண்மை. 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே பரிந்துரைத்தது; உச்ச நீதிமன்றம் 2002-இல் அதையே ஐந்து ஆண்டுகளுக்குள் செய்து முடிக்கும்படி உத்தரவிட்டது. இன்றும் அதில் பாதியைக்கூட நாடு எட்டவில்லை. இது அரசுகள் பணம் ஒதுக்காததால் வந்த பஞ்சம். அரசு தன் கடமையைச் செய்யாததால் வந்த தாமதத்தைக் காரணம் காட்டி, அதே அரசின் ஒரு துறைக்கு உயிரெடுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்? புலனாய்வு ஒழுங்காக நடந்தால் நீதிமன்றங்கள் விரைந்தே தீர்ப்பளிக்கின்றன. 2012 டிசம்பரில் நடந்த டெல்லி பேருந்து வன்கொடுமையில் விசாரணை நீதிமன்றம் ஒன்பதே மாதத்தில் தீர்ப்பு வழங்கியது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று நடந்த குற்றத்துக்கு 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது; குறைந்தது 30 ஆண்டுகள் சிறை. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு ஆறு ஆண்டுகள் இழுத்தது உண்மைதான். அங்கேயும் பெண்கள் உறுதியாக நின்று சாட்சி சொன்னார்கள், 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை கிடைத்தது. அந்த ஒன்பது பேரையும் 2019-லேயே சுட்டிருந்தால் கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னது உண்மை என்று ஒரு நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு மட்டும் இருந்திருக்காது.

என்கவுன்ட்டரை ஆதரிப்பவர்கள் பேசாமல் கடந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. சுடப்பட்டவர்தான் குற்றவாளி என்று யாருக்குத் தெரியும்? 1997 மார்ச் 31 அன்று டெல்லியின் கன்னாட் பிளேஸில் பட்டப்பகலில் ஒரு மாருதி எஸ்டீம் காரைக் குற்றப்பிரிவு போலீசார் சூழ்ந்துகொண்டு சுட்டார்கள். உள்ளே இருந்தது தாங்கள் தேடிய ரவுடி என்பது அவர்களின் எண்ணம். இறந்தவர்கள் இருவரும் தொழிலதிபர்கள். மூன்றாமவர் படுகாயத்தோடு பிழைத்தார். காருக்குள்ளிருந்து முதலில் சுட்டார்கள் என்று போலீசார் சாதித்தார்கள். காரில் கிடந்த துப்பாக்கி பிறகு வைக்கப்பட்டது என்று சிபிஐ நிறுவியது. உதவி ஆணையர் உட்படப் பத்துப் பேருக்கு 2007-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆள் மாறிப்போனது அன்று தெரியவந்ததற்கு, இறந்தவர்கள் வசதியான குடும்பத்தினர், நடந்த இடம் தலைநகரின் மையம் என்ற இரண்டும் பெரிய காரணங்கள்.

2017 செப்டம்பரில் ஹரியானாவின் குருகிராமில் ஒரு பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநரைக் கைது செய்தது போலீஸ். அவர் கேமராவின் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரைத் தூக்கிலிட வேண்டும், சுட வேண்டும் என்று ஊரே கொதித்தது. வழக்கை எடுத்த சிபிஐ இரண்டு மாதத்தில், அதே பள்ளியில் 11-ஆம் வகுப்புப் படித்த மாணவனைப் பிடித்தது, நடத்துநர் விடுவிக்கப்பட்டார். அவர் மீது பொய் வழக்குப் புனைந்ததாகப் போலீஸ் அதிகாரிகள் மீதே பின்னர் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த ஏழை மனிதர் இன்று உயிரோடு இருப்பது, மக்களின் விருப்பம் அன்று நிறைவேறாததால்தான். நேரில் பார்த்தவர் போல நாடு முழுக்க நம்பிய ஒரு குற்றச்சாட்டு இரண்டே மாதத்தில் இப்படிச் சரிந்தது. துப்பாக்கிக் குண்டுக்குப் பிறகு சரிவதற்கு வழியே இல்லை.

குற்றம் குறையும், ரவுடிகளுக்குப் பயம் வரும் என்ற வாதத்துக்கு உத்தரப் பிரதேசமே பதில். 2017 முதல் என்கவுன்ட்டரை வெளிப்படையான கொள்கையாகவே வைத்திருக்கும் மாநிலம் அது. அங்கே 2023 பிப்ரவரியில், சட்டமன்ற உறுப்பினர் ராஜு பால் கொலை வழக்கின் முக்கிய சாட்சி, பிரயாக்ராஜில் தன் வீட்டு வாசலிலேயே, காவலுக்கு நின்ற இரண்டு போலீசாரோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். ஏப்ரலில், அந்தக் கொலையில் குற்றம் சாட்டப்பட்டுக் காவலில் இருந்த முன்னாள் எம்.பி. அத்தீக் அகமது போலீசார் சூழ நடந்துவரும்போது தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியால் அடங்கியிருக்க வேண்டிய ஊரில் ஆறு வருடத்துக்குப் பிறகு சாட்சிக்கும் பாதுகாப்பில்லை, கைதிக்கும் பாதுகாப்பில்லை.

மும்பையின் கதை இன்னும் கசப்பானது. 1990-களில் அங்கே “என்கவுன்ட்டர் ஸ்பெஷலிஸ்ட்” என்ற பட்டத்தோடு அதிகாரிகள் கொண்டாடப்பட்டார்கள், சினிமாவில் நாயகர்களானார்கள். கணக்குக் கேட்கப்படாத துப்பாக்கி கொஞ்ச காலத்தில் விலைக்கும் வருகிறது. 2006-இல் அங்கே ஒருவரைக் கடத்திக் கொன்று என்கவுன்ட்டர் என்று கணக்குக் காட்டிய வழக்கில், பகை கொண்ட ஒருவருக்காகவே அந்தக் கொலை செய்யப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. 2013-இல் 13 போலீசார் தண்டிக்கப்பட்டார்கள். அப்போது விடுதலையான முன்னாள் அதிகாரி பிரதீப் சர்மாவுக்கும் 2024 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. காவல்துறை கூலிப்படையாக மாறுவதற்கு இடையில் நிற்கும் சுவர், சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு கைதிகள் நிற்கும் படங்களைப் பகிர்ந்து சிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஸ்டேஷன் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்ற விளக்கம் பொய் என்பது படிப்பவர் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த படி காலில் சுடுவது, அதற்கடுத்த படி நெஞ்சில் சுடுவது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பது நாட்களில், காவலில் இருந்த ஒருவர் ஆயுதத்தை எடுத்துத்தர மாதவரம் பகுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஹைதராபாத்தில் சொன்ன கதையின் அமைப்பே இங்கும்: விடியற்காலை, தடயம் மீட்கும் பயணம், கைதியின் கையில் துப்பாக்கி. ஆம்ஸ்ட்ராங்கைக் கொல்லச் சொன்னவர்கள் யார் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாய் மூடிப்போனது. அந்த இழப்பு கொலையானவரின் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

குண்டுக்கு இரையாகிறவர்கள் பெரிய ரவுடிகள் மட்டும் என்ற எண்ணமும் தவறு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாக ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளிகள். கல்லையும் கோடாரியையும் கொண்டு தாக்கினார்கள் என்றது அதிரடிப்படை. சிலரைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். மரத்தைக் கடல்கடந்து விற்றுப் பணம் பார்க்கும் முதலாளி ஒருவரும் அந்தக் காட்டில் இறக்கவில்லை. மணிப்பூரில் போலி என்கவுன்ட்டர்கள் எனக் கூறப்பட்ட 1,528 கொலைகள் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு மனு வந்தபோது, மாதிரிக்கு ஆறு நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்தது நீதிபதி சந்தோஷ் ஹெக்டே ஆணையம். ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் இல்லை என்று 2013-இல் அறிக்கை தந்தது. இறந்தவர்களில் ஒருவன் 12 வயதுச் சிறுவன். 2016-இல் உச்ச நீதிமன்றம், ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் உள்ள பகுதியிலும் மிகையான பலத்துக்கு விலக்கு இல்லை என்று தீர்த்துச் சொன்னது.

கேள்வி கேட்டால் போலீசாரின் மன உறுதி குலையும் என்று உயரதிகாரிகள் சொல்வதுண்டு. யாருடைய மன உறுதி என்று பார்க்க வேண்டும். 1987-இல் மீரட்டின் ஹாஷிம்புராவிலிருந்து ஆயுதப் போலீசார் ஏறக்குறைய 40 முஸ்லிம்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுட்டு வாய்க்காலில் தள்ளினார்கள். 31 ஆண்டுகள் கழித்து, 2018-இல், டெல்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. எல்லோரும் கீழ்மட்டத்தினர், உத்தரவு கொடுத்ததற்காக எந்த உயரதிகாரியும் தண்டனை பெறவில்லை. சட்டவிரோதமான உத்தரவை மறுக்க நினைக்கும் ஏட்டுக்கும் கான்ஸ்டபிளுக்கும் உள்ள ஒரே துணை, நாளை இதற்கு விசாரணை வரும் என்று மேலதிகாரியிடம் சொல்ல முடிவதுதான். தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஆராய்ந்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமும், கலைந்து ஓடியவர்கள் மீது சுடப்பட்டது என்று கண்டு, 17 போலீசார் மீது நடவடிக்கை கோரியது. அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். அந்த மரணங்களுக்காக ஒருவரும் நீதிமன்றத்தில் தண்டனை பெறவில்லை.

விசாரணைதான் நடக்கிறதே என்பது கடைசி வாதம். ஆர்.டி.ஓ. விசாரணை நடத்துபவர் அதே மாவட்ட நிர்வாகத்தின் அங்கம், எஸ்.பி.யோடு தினமும் ஒரே மேசையில் உட்காருபவர். கான்பூர் ரவுடி விகாஸ் துபே 2020 ஜூலையில் கொல்லப்பட்டதை ஆராய்ந்த நீதிபதி பி.எஸ். சௌகான் ஆணையம், போலீசாரின் கூற்றை மறுத்து மக்களிலிருந்தோ ஊடகங்களிலிருந்தோ யாரும் சாட்சி சொல்ல முன்வரவில்லை என்று குறிப்பிட்டு அந்தக் கூற்றை ஏற்றது. சுட்டவர்கள் சீருடையோடு அதே ஊரில் பணியில் இருக்கும்போது யார் முன்வருவார்கள்? பிரிட்டனில் போலீசார் சுட்டு ஒருவர் இறந்தால், காவல்துறைக்கு வெளியே உள்ள தனி அமைப்பு கட்டாயம் விசாரிக்கிறது. 2005-இல் லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில் ஒரு பிரேசில் நாட்டவரைப் பயங்கரவாதி என்று தவறாக நினைத்துச் சுட்டார்கள். மரண விசாரணையில் ஜூரி, எச்சரித்துவிட்டே சுட்டோம் என்ற போலீசாரின் கூற்றை நம்பவில்லை; காவல்துறைக்கே 1,75,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. தனி அதிகாரிகள் யாரும் தண்டனை பெறாதது அங்கேயும் குறைதான். ஆனாலும் நடந்தது என்ன என்பது ஊரறிய வெளிவந்தது.

இந்தியாவிலும் அத்தகைய தனி விசாரணைக்கு வழி உண்டு. காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மாநிலந்தோறும் ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரைத் தலைவராகவும் டிஜிபியை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர் எஸ்.பி. புகாருக்கு உள்ளான துறையின் தலைவரே புகாரை விசாரிக்கும் மன்றத்தில் அமர்கிறார். வழக்குத் தொடர முன்அனுமதி தருவதும் அரசின் கையில். போலி என்கவுன்ட்டர் அரசுப் பணியின் பகுதி ஆகாது, அதற்கு முன்அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்ன பிறகும், இஷ்ரத் ஜஹான் என்கவுன்ட்டர் வழக்கில் குஜராத் அரசு அனுமதி மறுத்ததைக் காட்டியே 2019-இல் இரண்டு முன்னாள் அதிகாரிகள் விடுவிக்கப்பட்டார்கள். முன்அனுமதிப் பிரிவை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். தமிழ்நாட்டின் 2013 சட்டத்தில் உள்துறைச் செயலரின் இடத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியை அமர்த்துவதற்கும், டிஜிபியையும் எஸ்.பி.யையும் அந்த மன்றங்களிலிருந்து விலக்குவதற்கும் டெல்லி வரை போக வேண்டியதில்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு கூட்டத்தொடர் போதும்.